விசுவமடுவில் ஒரு செயப்பாட்டுவினை

ஓமந்தையை பஸ் கடக்கும்போது பக்கத்து இருக்கைப் பிள்ளை 'பிரேக், புரோக், புரோக்கன்' வரைக்கும் வந்திருந்தாள். வவுனியாவில் ஏறியதும் 'அரைஸ், அரோஸ், அரிசன்' என்று தொடங்கியவள். மடியில் மட்டை கழன்ற கொப்பி, அதில் மூன்று நிரல்களாக ஆங்கில வினைச்சொற்கள். இடக்கையால் இரண்டாம், மூன்றாம் நிரல்களை மறைத்துக்கொண்டு முதல் நிரலைப் பார்ப்பாள். உதடு மட்டும் அசையும். பிறகு கையை விலக்கிச் சரிபார்ப்பாள். பஸ்ஸில் உச்சத்தில் ஒலித்த சினிமாப் பாட்டு அவளை ஒன்றும் செய்யவில்லை.

"சோதினையோ பிள்ளை?"

"ஓம் ஐயா. திங்கக்கிழமை தவணைப் பரீட்சை."

"மூண்டாவது நிரல் எதுக்குப் பயன்படுமெண்டு சொல்லித் தந்தவையோ?"

கொஞ்சம் யோசித்தாள். "அதையும் பாடமாக்க வேணும் ஐயா."

கனகராயன்குளத்தில் இறங்கிப் போய்விட்டாள். அந்த மூன்றாவது நிரல் என்னோடு விசுவமடு வரைக்கும் வந்தது.

ஓமந்தையில் இப்போது பஸ் வேகத்தைக் குறைப்பதுகூட இல்லை. 2002 இல் சமாதானம் வந்து ஏ9 திறந்தபோது இந்த இடத்தில் இறங்கி, பைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறேன். இங்கே இராணுவத்தின் சோதனைச்சாவடி. கொஞ்சத் தூரம் தள்ளிப் புளியங்குளத்தில் புலிகளின் சாவடி. ஒரே நாளில் இரண்டு ஆட்சிகளிடம் பெயரும் முகவரியும் போகும் காரணமும் சொல்ல வேண்டும். அந்த வரிசையில் நின்ற எவருக்கும் ஆங்கிலம் தேவைப்படவில்லை. ஆனால் அதே காலத்தில் கிளிநொச்சியில் அது மெல்ல மெல்லத் தேவைப்படத் தொடங்கியிருந்தது. ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களும் வந்தன. 2004 டிசம்பரில் கடல் முல்லைத்தீவை அடித்துக்கொண்டு போன பிறகு இன்னும் பலர் வந்தார்கள். ஒரு விண்ணப்பத்தைப் பிழையில்லாமல் ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த பையனுக்கு வேலை கிடைத்த காலம் அது.

நான் யாழ்ப்பாணத்தவன். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் குடும்பத்தோடு வன்னிக்கு வந்து, ஏழு ஆண்டுகள் இந்த மண்ணில் ஆங்கிலம் படிப்பித்தேன். ஓய்வுபெற்றுப் பல காலமாகிறது. என்னிடம் ஆறாம் தரத்தில் படித்த ஒருவன் இப்போது தானும் ஆங்கில ஆசிரியர். விசுவமடுவில் தன் வீட்டு வளவில் ஒரு கொட்டில் போட்டுப் பின்னேரங்களில் காசு வாங்காமல் வகுப்பு எடுக்கிறான். "சேர், ரெண்டு கிழமை வந்து நில்லுங்கோ. பிள்ளையள் எழுதுறதைப் பாருங்கோ" என்று கூப்பிட்டிருந்தான். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

மாங்குளத்தில் பஸ் பத்து நிமிடம் நின்றது. பிளேன்ரீ குடிக்க இறங்கினேன். 2012 இல் இதே சந்திக்குக் கிட்ட நின்றது நினைவுக்கு வந்தது. சீனக் கடனில் ஒரு சீன நிறுவனம் ஏ9 ஐத் திருத்திக்கொண்டிருந்த காலம். பக்கத்தில் வடக்குக்கான புகையிரதப் பாதையை இந்தியக் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் போட்டுக்கொண்டிருந்தது. அது 2013 செப்டெம்பரில் கிளிநொச்சியையும் மறு ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் தொட்டது. வீதி வேலைக்காக வாகனங்களை மறித்திருந்தார்கள். குடையின் கீழ் ஒரு சீன இளைஞர் நின்றார். சீனப் பொறியியலாளருக்கும் நம்மூர் வேலையாட்களுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர். சீனத்தைக் கேட்டு ஆங்கிலத்தில் சொல்வார். அதைக் கேட்டு ஒரு மாங்குளத்துப் பெடியன் மற்றவர்களுக்குத் தமிழில் சொல்வான். கல்லும் தாரும் இரண்டு மொழிபெயர்ப்பைத் தாண்டி வீதியில் விழுந்துகொண்டிருந்தன.

ஆங்கில ஆசிரியன் என்று சொன்னதும் அந்த இளைஞர் தாமாகவே பேசத் தொடங்கினார். ஹெபெய் மாகாணத்துக்காரர். மூன்றாம் தரத்தில் ஆங்கிலம் தொடங்கியதாம். எங்கள் பிள்ளைகளுக்கும் முறையான ஆங்கிலப் பாடநூல் மூன்றாம் தரத்தில்தான் கைக்கு வருகிறது, அதற்கு முன் பாட்டும் விளையாட்டும். ஆனால் உயர்நிலைப் பள்ளியின் மூன்று ஆண்டுகளைப் பற்றி அவர் சொன்னது எனக்குப் புதிது. ஜூன் மாதம் 'காவ்காவ்' என்ற பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை. மொத்தம் 750 புள்ளிகள். சீன மொழிக்கு 150, கணிதத்துக்கு 150, ஆங்கிலத்துக்கும் அதே 150. ஆங்கிலத்தில் சறுக்கினால் மொத்தமும் குறையும், பொறியியலோ மருத்துவமோ கைநழுவிப் போகலாம். ஆகவே பகல் முழுவதும் வாசிப்புப் பந்திகள், இடைவெளி நிரப்பல்கள், பிழை திருத்தங்கள். எழுத்துகூட அச்சு எழுத்துப் போலவே உருண்டையாக, ஒரே உயரத்தில் இருக்கப் பழக்குவார்களாம். திருத்துபவரின் கண்ணுக்கு இதமாக இருந்தால் ஒரு புள்ளி கூடும் என்ற நம்பிக்கை.

அவர் சொன்னதில் என்னை விட்டு நீங்காமல் நின்றது லீ ஹுவா. எழுத்துப் பகுதியில் பெரும்பாலும் ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள். சொந்தப் பெயரில் எழுதக்கூடாது. விடைத்தாள் யாருடையது என்று திருத்துபவருக்குத் தெரியக்கூடாதல்லவா? 'நீர் லீ ஹுவா என்று வைத்துக்கொள்ளும்' என்று வினா தொடங்கும். லீ ஹுவா தன் வெளிநாட்டு நண்பருக்குச் சீனப் புத்தாண்டைப் பற்றி எழுதுவார், பாடசாலை விழாவுக்கு அழைப்பார், வரமுடியாததற்கு மன்னிப்புக் கேட்பார். நாடு முழுவதும் இலட்சக்கணக்கான பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு ஒரே பெயரில் எழுதிய கடிதங்கள். "நானும் மூன்று வருடத்தில் நூற்றுக்கணக்கில் எழுதினேன். ஒன்றுகூட எவருக்கும் போய்ச் சேரவில்லை" என்றார் அந்த இளைஞர். பிறகு அந்த மாங்குளத்துப் பெடியனைக் காட்டினார். "நான் ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்கு முதன்முதலில் பதில் சொன்னவர் இவர்தான். குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்."

அந்தப் பெடியனும் பரீட்சைக்காக ஆங்கிலம் படித்தவன்தான். ஒருவர் ஹெபெயில், ஒருவன் மாங்குளத்தில், முகம் தெரியாத யாரோ ஒருவருக்குக் கடிதம் எழுதியே வளர்ந்த இருவர். அந்த மொழி முதன்முதலில் அவர்களிடையே தண்ணீருக்கு வழி காட்டியது.

சீனப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஆங்கிலத்திடம் போகும் வழிகள் வேறு. எனக்கு இது மிகவும் பிடித்த விடயம், கொஞ்சம் நின்று சொல்கிறேன். சீனத்தில் சொல்வரிசை ஆங்கிலத்தைப் போலவே: எழுவாய், வினை, அதன்பின் செயப்படுபொருள். 'நான் குடிக்கிறேன் தேநீர்' என்ற வரிசை அவர்களுக்குப் பிறவியிலேயே உண்டு. நாங்கள் வினையை வசனத்தின் கடைசிக்குக் கொண்டுபோய் வைப்பவர்கள். அதை இழுத்து நடுவில் வைக்கவே இரண்டு தரங்கள் போய்விடும். ஆனால் சீன வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறாது. நேற்றும் இன்றும் நாளையும் ஒரே சொல், காலத்தைப் பக்கத்துச் சொற்கள் காட்டும். அதனால் 'கோ, வென்ட், கோன்' அவர்களுக்குப் பெரும் மலை. நமக்கோ வினையிலேயே காலம், இடம், பால், மதிப்பு எல்லாம் ஒட்டியிருக்கும். 'வந்தாள்' என்ற ஒரு சொல்லில் யார், எப்போது என்ற இரண்டும் உண்டு. சீனப் பேச்சில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே ஒலி, ஆகவே ஆங்கிலம் பேசும்போது தடுமாறுவார்கள். நம் பிள்ளைகள் அங்கே தடுமாறுவது அரிது. 'எ', 'தி' என்ற இரண்டு சிறு சொற்களில் நாங்களும் அவர்களும் சேர்ந்தே விழுகிறோம், இரண்டு மொழிகளிலும் அவை இல்லை. இன்னும் ஒன்று: 'நேற்று வந்த பிள்ளை' என்று நாங்கள் அடைமொழியை முன்னே வைப்பது போலத்தான் சீனரும் வைக்கிறார்கள். ஆங்கிலத்தில் பிள்ளை முதலில் வந்துவிடும், அவள் நேற்று வந்த செய்தி பின்னால் வரும்.

முறிகண்டியில் வழக்கம்போல் பஸ் நின்றது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கடலைச் சுருளோடு எல்லாரும் ஏறினார்கள். அதைத் தாண்டி அறிவியல்நகர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்களின் கட்டடங்கள் வீதியிலிருந்தே தெரிகின்றன. தெற்கே பம்பைமடுவில் 2021 ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து வவுனியாப் பல்கலைக்கழகம் தனியாக இயங்குகிறது. 2009 இல் சுவர்கள் இடிந்து கிடந்த கிளிநொச்சிக்கு இந்தப் பீடங்கள் சின்ன விடயமல்ல. அந்தக் கட்டடங்களைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியும் கவலையும் சேர்ந்தே வரும். பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை உயர்தரம்வரை பௌதிகத்தையும் இணைந்த கணிதத்தையும் தமிழில் படித்து, வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்திலுள்ள பீடத்துக்குள் நுழையும். முதல் நாள் விரிவுரை ஆங்கிலத்தில். நியூட்டனின் விதி தெரியும். அது சொல்லப்படும் வசனம் புரியாது. தாய்மொழியில் படித்தது பிழையென்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். 1945 இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்து, தாய்மொழி மெல்ல மெல்லப் பாடமொழியாகியிருக்காவிட்டால் வன்னியின் பிள்ளைகளில் எத்தனைபேர் எழுத்தறிந்திருப்பார்கள்? யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1823 இலேயே வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது. காட்டுக்கும் குளத்துக்கும் நடுவே இருந்த வன்னிக்கு அப்படியொன்று வரவில்லை. இங்கே ஆங்கிலம் எப்போதும் வெளியிலிருந்து பஸ்ஸில் வந்து பின்னேரம் திரும்பிப் போகும் ஆசிரியரோடு வந்த மொழி. கல்வித் திணைக்களத்தின் பட்டியலில் 'கஷ்டப் பிரதேசம்', 'அதிகஷ்டப் பிரதேசம்' என்று குறிக்கப்பட்ட பாடசாலைகளில் முதலில் வெற்றிடமாவது அந்தக் கதிரைதான்.

பரந்தனில் பஸ் மாறி கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவு வீதி. விசுவமடுவில் என் பழைய மாணவன் சைக்கிளோடு நின்றான். முப்பத்தைந்து வயதைத் தொட்டிருந்தும் என்னைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி நின்ற விதம் ஆறாம் தரத்துப் பிள்ளையுடையது.

விசுவமடு எனக்குப் பிடித்த ஊர். 'படித்த வாலிபர் திட்டம்' என்று, படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த இளைஞர்களுக்குக் காணி கொடுத்துக் குடியேற்றிய இடங்களில் ஒன்று. முத்தையன்கட்டும் அப்படித்தான். மிளகாயும் வெங்காயமும் போட்டு ஒரு தலைமுறை நிமிர்ந்தது. அந்தக் காணிகளின் பேரப்பிள்ளைகள்தான் கொட்டிலுக்குள் இருந்தார்கள். கிடுகுக் கூரை, நீளமான நான்கு வாங்குகள், ஒரு வெண்பலகை, ஒரு மின்குமிழ். இருபத்திரண்டு பேர், பெரும்பாலும் பதினோராம் தரம், சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறவர்கள்.

அந்த ஒற்றை மின்குமிழைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொருளாதாரத் தடைக்காலத்தில் நான் இங்கே படிப்பித்தபோது மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் பொன்விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு, கொஞ்ச மண்ணெண்ணெயில் நனைத்து, திரியைக் கம்பியில் கொழுவி விளக்காக்குவோம். அந்த வெளிச்சத்தில் ஒரு பக்கத்தை வாசிக்க வேண்டுமென்றால் மூன்று பிள்ளைகள் தலையை ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒருவன் உரக்க வாசிப்பான், மற்ற இருவரும் கேட்பார்கள். ஒரு பாடநூலை வகுப்பே பகிர்ந்தது. வேறு வழியில்லாமல் செய்த அந்த உரத்த வாசிப்பு அவர்களுக்கு நல்ல காதைக் கொடுத்தது. ஆங்கில வசனம் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்பது பரீட்சைத் தாளைப் பார்த்து வருவதல்ல. அந்த மூவரில் ஒருவன்தான் இந்தக் கொட்டிலின் சொந்தக்காரன். 2009 இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமிலிருந்து உயர்தரப் பரீட்சை எழுதினான். ஓகஸ்ட் மாதம், கூடார வாழ்க்கை, போர் முடிந்து மூன்று மாதம் ஆகவில்லை. முள்ளிவாய்க்காலிலிருந்து பாடக்கொப்பி ஒன்றுகூடக் கொண்டுவராத பிள்ளைகள் அந்தப் பரீட்சைக்குப் போய் உட்கார்ந்தார்கள். எங்கள் சனம் பரீட்சைமேல் வைத்திருக்கும் பிடிவாதத்தைப் பலர் குறை சொல்வார்கள். அந்த ஓகஸ்டை நினைத்தால் எனக்குக் குறை சொல்ல மனம் வராது.

முதல் நாள் கடந்த ஆண்டுகளின் வினாத்தாள் ஒன்றைச் செய்வித்தோம். இடைவெளி நிரப்பலில் பிள்ளைகள் கெட்டிக்காரர். பந்தியை வாசித்து விடையை அடியோடு பெயர்த்தெடுத்து எழுதுவதிலும் கெட்டிக்காரர். கடிதம் என்று வந்ததும் எல்லாருடைய கடிதமும் ஒன்றாக இருந்தது. 'நான் நலம், நீர் நலமா' என்ற தொடக்கம், வாரமெல்லாம் மனப்பாடம் செய்த நடுப்பகுதி, ஒரே முடிவு. எழுதியவர் ஒருவர்தானோ என்று தோன்றியது. லீ ஹுவா விசுவமடுவுக்கும் வந்து சேர்ந்திருந்தார்.

அன்றிரவு முற்றத்தில் இருந்து நானும் மாணவனும் நெடுநேரம் கதைத்தோம். இந்த ஊரில் வெளிநாட்டில் ஆளில்லாத வீடு குறைவு. கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பெரியம்மா, பாரிசின் லாச்சப்பலில் ஒரு சித்தப்பா, சூரிச்சில் ஒரு மாமி. அங்கே பிறந்த பிள்ளைகள் பலருக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்க வராது. அம்மம்மாவோடு வீடியோவில் கை அசைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். இருக்கும் உறவை விட்டு ஏன் இல்லாத ஒரு பேனா நண்பனுக்கு எழுத வேண்டும்? அடுத்த நாள் சொன்னோம்: கனடாவிலோ இலண்டனிலோ இருக்கிற உங்கள் ஒன்றுவிட்ட சகோதரருக்கு, உங்கள் சொந்தப் பெயரில், அவர்களுக்குத் தெரியாத ஒன்றை எழுதுங்கள். எழுதியதைத் திருத்திய பிறகு உண்மையாகவே அனுப்பப் போகிறோம். ஆங்கிலம் தெரிந்த உறவு வெளிநாட்டில் இல்லாத நான்கு பேர் எனக்கு எழுதினார்கள்.

வகுப்பில் அப்படியொரு மௌனத்தை நான் கேட்டதில்லை. பிறகு கேள்விகள் எழும்பின. 'கிணற்றுக்கட்டு' எப்படிச் சொல்லுறது? 'வெங்காயம் பழுதாப்போச்சு' எப்படிச் சொல்லுறது? 'அம்மம்மா உன்னை நினைச்சு விரதம் பிடிக்கிறா' இதுக்கு என்ன வசனம்? பாடமாக்கியது எதுவும் உதவவில்லை. இலக்கணம் இப்போதுதான் தேவைப்பட்டது, தேவைப்பட்ட இடத்தில் அது ஏறியது.

ஒரு பையன் 2008 இல் தன் குடும்பம் ஊரைவிட்டுப் போனதை எழுதியிருந்தான். அவன் அப்போது கைக்குழந்தை, கேட்ட கதை. 'வீ டிஸ்பிளேஸ்ட்' என்று எழுதியிருந்தான். இந்தப் பிழையை முப்பது ஆண்டுகளாகத் திருத்தியிருக்கிறேன். 'வேர்' என்ற சொல்லை நடுவில் செருகி, 'வீ வேர் டிஸ்பிளேஸ்ட்' என்று ஆக்கிவிட்டு அடுத்த கொப்பிக்குப் போய்விடுவேன். அன்று ஏனோ பேனையை வைத்துவிட்டேன். பிள்ளை ஏன் அப்படி எழுதுகிறது? தமிழில் நாங்கள் 'இடம்பெயர்ந்தோம்' என்கிறோம். அது தன்வினை. நாங்களே எழும்பி, நாங்களே நடந்தது போன்ற ஒரு சொல். ஆங்கிலமோ அந்த இடத்தில் செயப்பாட்டுவினை கேட்கிறது. இது உனக்குச் செய்யப்பட்டது, நீ செய்ததல்ல என்கிறது. தமிழிலும் அந்தப் பிரிப்பு இல்லாமலில்லை. திருந்தினான், திருத்தினான். வருந்தினாள், வருத்தினாள். பெயர்ந்தார்கள், பெயர்த்தார்கள். ஒரு மெய்யெழுத்துத்தான் இடையில். ஆனால் எங்கள் பத்திரிகைகளிலோ நிவாரண அட்டைகளிலோ 'இடம்பெயர்க்கப்பட்டோர்' என்று எழுதி நான் கண்டதில்லை. இருபது முப்பது ஆண்டுகள் நாங்கள் எங்களை 'இடம்பெயர்ந்தோர்' என்றே அழைத்துக்கொண்டோம்.

வெண்பலகையில் இரண்டு மொழியிலும் எழுதிக் காட்டினேன். "அப்ப சேர், ஆர் பெயர்த்தது எண்டதை எங்க எழுதுறது?" என்று அந்தப் பையன் கேட்டான். 'பை' என்று போட்டு அதன் பின்னால் எழுதலாம், எழுதாமலும் விடலாம், இலக்கணம் இரண்டையும் அனுமதிக்கும் என்றேன். செய்தவரைச் சொல்லாமலே ஒரு செயலைச் சொல்லி முடிக்க வழிவிடும் வடிவம் அது. உலகத்து அறிக்கைகளில் பாதி அந்த வடிவத்தில்தான் எழுதப்படுகின்றன. பஸ்ஸில் வந்த பிள்ளை பாடமாக்கிய மூன்றாவது நிரல் இதற்குத்தான் வேண்டும்.

ஐந்தாம் நாள், கடைசி வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளையின் கொப்பி என் கைக்கு வந்தது. அமைதியான பிள்ளை. ஸ்காபரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகளுக்கு எழுதியிருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே அம்மம்மா. வீட்டுச் சுவரில் தொங்கும் மாமாவின் படத்தைப் பற்றிய கடிதம். கனடாத் தங்கச்சி ஒருமுறை வீடியோவில் அந்தப் படத்தைப் பார்த்து 'இது யார்?' என்று கேட்டாளாம். பெரியவர்கள் கதையை மாற்றிவிட்டார்களாம். இவள் பதில் எழுதுகிறாள். மாமாவுக்குக் கிரிக்கெட் பிடிக்கும், கையால் பந்து செய்வார், அம்மம்மா புட்டு அவித்தால் முதல் குழல் அவருக்கு. அதன் பிறகு ஒரு வசனம்: 'ஹீ வாஸ் டிஸப்பியர்ட் இன் 2009.'

சிவப்புப் பேனை தாளைத் தொட்டுவிட்டது. 'டிஸப்பியர்' செயப்படுபொருள் குன்றிய வினை. மறைந்தான் என்று சொல்லலாம், மறையப்பட்டான் என்று சொல்வதுண்டா? என் காலத்து எந்த இலக்கணப் புத்தகமும் இதைப் பிழை என்றே சொல்லும். 'வாஸ்' என்பதை வெட்டிவிட்டால் வசனம் சரி.

"வாஸ் வரக்கூடாது பிள்ளை" என்றேன்.

அவள் எழும்பி நின்றாள். குரல் உயரவில்லை. "சேர், அப்பிடி எழுதினா அவராப் போனமாதிரி வரும்."

2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலில், பிள்ளைகளைத் தேடும் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். சில நாட்களில் வவுனியாவிலும், அடுத்த மாதம் முல்லைத்தீவிலும் கொட்டில்கள் எழுந்தன. இவளுடைய அம்மம்மா கிளிநொச்சிக் கொட்டிலில் நாட்கணக்கில் இருந்தவர். எட்டு வயதுப் பிள்ளையாக இவளும் போயிருக்கிறாள். அந்தத் தாய்மார் தமிழில் ஒரு சொல்லை மாற்றினார்கள். 2016 இல் நிறைவேறிய சட்டத்தின் கீழ் அமைந்த அரச அலுவலகத்தின் பெயரில் 'காணாமற்போன ஆட்கள்' என்றிருக்கிறது. தாய்மார் அதை ஏற்கவில்லை. போனவர்கள் இல்லை, 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றார்கள். பிள்ளையைத் தன் கையாலேயே ஒப்படைத்ததாகச் சொல்லும் தாய் 'போன' என்ற சொல்லை எப்படிச் சொல்வாள்? பள்ளிக்கூடத்தில் செயப்பாட்டுவினை படித்திராத கிழவிகள்கூட எங்கள் தலைமுறை இலக்கண ஆசிரியர்கள் எவரும் செய்யாத திருத்தத்தை எங்கள் மொழியில் செய்துவிட்டார்கள். இப்போது பத்திரிகைகள் அப்படித்தான் எழுதுகின்றன.

ஆங்கிலத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. ஆர்ஜென்டீனாவில் இராணுவ ஆட்சி இளைஞர்களைப் பிடித்துக்கொண்டுபோய்த் தடயமில்லாமல் ஆக்கியபோது, அங்கேயும் தாய்மார் படங்களோடு சதுக்கத்தில் நடந்தார்கள். அவர்களுடைய ஸ்பானியச் சொல்லின் வழியாக, பெரும்பாலும் தானாக மறைவதையே குறித்த ஆங்கில வினை இன்னொருவரை மறையச் செய்வதையும் குறிப்பது பரவலாகியது. ஐக்கிய நாடுகள் 2006 இல் இதற்கென்றே ஒரு சமவாயத்தை ஏற்றது. ஆகவே 'வாஸ் டிஸப்பியர்ட்' இன்று எழுதப்படுகிற ஆங்கிலம். பரீட்சைத் திருத்துநர் ஒருவர் அதை வெட்டக்கூடும். அவளிடம் அதையும் மறைக்காமல் சொன்னேன். சோதினைத் தாளில் என்ன எழுதுவது என்பதை அவள் தீர்மானிக்கட்டும். கடிதத்தில் அந்தச் சொல் அப்படியே இருக்கும். என் பேனை பட்ட சிவப்புப் புள்ளியை அழிறப்பரால் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. அவள் அந்தப் பக்கத்தை மீண்டும் பிரதி பண்ணினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாணவனின் மோட்டார் சைக்கிளில் முல்லைத்தீவுக்குப் போனோம். புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல். வெயில் நேரம். நந்திக்கடலில் தண்ணீர் வற்றிக் கரையில் உப்பு வெளுத்துக் கிடந்தது. 2009 மே மாதம் சனம் கடந்த அந்தக் குறுகிய பாலத்தில் இறங்கி நடந்தோம். அவன் வழி நெடுக ஒன்றும் பேசவில்லை. 2008 செப்டெம்பர் 16 ஆம் திகதி ஐக்கிய நாடுகளின் வாகனங்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. அதற்கு முந்திய நாட்களில் அவர்களுடைய வாயிலில் சனம் கூடி, போகவேண்டாம் என்று கெஞ்சியது. அந்தக் கூட்டத்தில் பதினெட்டு வயதில் தானும் நின்றதைப் பாலத்தின் நடுவில் வைத்துச் சொன்னான். "என்னட்டை இங்கிலிஷ் இருந்தது சேர். ஆனா வாயிலை வந்தது தமிழ்தான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. கரையில் ஒருவர் இறால் வலையைத் தட்டி உதறிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது கிழமையில் கடிதங்களைப் படம் பிடித்து வாட்சப்பில் அனுப்பினோம். பதினெட்டுக் கடிதங்கள். முதல் இரண்டு நாள் பெருவிரல் அடையாளங்களும் இதயப் படங்களும்தான் வந்தன, பிள்ளைகள் சோர்ந்துபோனார்கள். மூன்றாம் நாள் பாரிசிலிருந்து ஒரு பையன், தனக்கு ஆங்கிலத்தைவிடப் பிரெஞ்சுதான் நன்றாக வரும் என்று ஆறு வரி எழுதினான். அதில் நான்கு பிழை. வகுப்பே கூடி அந்தப் பிழைகளைக் கண்டுபிடித்தது. அந்தச் சந்தோஷத்தை நான் பார்த்தேன்.

நான் புறப்படுகிற நாள் பின்னேரம் கடைசி வாங்குப் பிள்ளை தாயின் போனைக் கொண்டுவந்து காட்டினாள். ஸ்காபரோவிலிருந்து நீளமான பதில். தங்கச்சி பன்னிரண்டு வயதுக்காரி. பள்ளிக்கூடத்தில் தன்னோடு படிக்கும் பிள்ளைகளுக்கு மாமாவின் பந்து கதையைச் சொன்னாளாம். கடைசியில் ஒரு கேள்வி: 'வாஸ் டிஸப்பியர்ட்' என்று எழுதியிருக்கிறாய், எழுத்துப் பிழையா, அல்லது யாரோ செய்தார்கள் என்கிறாயா? யார்?

கொட்டிலுக்கு வெளியே பரந்தன் போகும் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. மாணவன் என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தான். திரும்பிப் பார்த்தேன். மின்குமிழ் எரியத் தொடங்கியிருந்தது. அவள் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பி, மேலே திகதியைப் போட்டு, தன் பெயரை எழுதிவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ ஒரு சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.